முடிவுகள் எடுக்கப்பட்ட அறைகள்: டோனி பிளேரின் பத்தாண்டு ஆட்சி



பதவியிலிருந்து இறங்கும் ஒரு தலைவரின் ஆட்சியை எப்படி எடைபோடுவது என்பது இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரப்பட்ட பொருள். இதைப் பொதுவாகப் பேசினால் எல்லாத் தலைவர்களுக்கும் பொருந்துகிற, எவரையும் புரிந்துகொள்ள உதவாத பேச்சாகிவிடும். அதனால் ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டேன். 1997 மே 2 முதல் 2007 ஜூன் 27 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த டோனி பிளேர். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவருடைய அரசு எடுத்த பெரிய முடிவுகளின் உள்விவரங்கள் வழக்கத்துக்கு மாறாக வெளியே வந்திருக்கின்றன. ஈராக் போர் பற்றிய சில்காட் விசாரணை அறிக்கை மட்டும் 12 தொகுதிகள், ஏறத்தாழ 26 லட்சம் சொற்கள். எந்த நாளில், யார் யாருக்கு என்ன எழுதினார்கள், யாருக்குக் காட்டவில்லை என்பதுவரை அதில் இருக்கிறது. இன்னொரு நாட்டுத் தலைவரைப் பற்றி இந்த அளவுக்கு ஆதாரத்தோடு பேச வாய்ப்பது அரிது.

2007 ஜூன் 27 புதன்கிழமை. காமன்ஸ் சபையில் பிளேரின் கடைசிக் கேள்வி நேரம். முதலில், அந்த வாரத்தில் உயிரிழந்த படைவீரர்களுக்கு அஞ்சலி செலுத்தினார். அரை மணி நேரம் கழித்து விடைபெற்றபோது உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தச் சபையில் கைதட்டும் வழக்கமே இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் டேவிட் கேமரன் தம் கட்சியினரையும் எழுந்து நிற்கும்படி கையசைத்தார். பிளேர் அரண்மனைக்குச் சென்று பதவி விலகலைத் தெரிவித்தார், ரயிலேறித் தம் தொகுதியான செட்ஜ்ஃபீல்டுக்குப் போனார். நாடாளுமன்ற உறுப்பினர் பதவியையும் அன்றே விட்டார்.

அந்த வாரம் வந்த மதிப்பீடுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பக்கம் குறைந்தபட்ச ஊதியம், வட அயர்லாந்து, மருத்துவமனைகள், மறுபக்கம் ஈராக். இரண்டையும் கூட்டிக் கழித்து, மிச்சம் என்ன என்று சொல்வார்கள். இந்த முறையில் எனக்கு உடன்பாடில்லை. பேரேட்டில் வரவும் செலவும் ஒரே ஆளுடையவை. அதனால்தான் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க முடிகிறது. கிளாஸ்கோவில் துப்புரவு வேலை செய்யும் பெண்ணுக்கு மணிக்கு 3 பவுண்டு 60 பென்ஸ் சட்டப்படி உறுதியானது. அந்த நன்மையை பஸ்ராவில் மகனைப் பறிகொடுத்த தாயின் கணக்கில் எப்படி வரவு வைப்பது? அவரைக் கேட்டு யாரும் அந்தப் பரிமாற்றத்தைச் செய்யவில்லை.

ஆகவே நான் வேறொரு கேள்வியைக் கேட்கப்போகிறேன். ஒவ்வொரு முடிவும் எப்படி எடுக்கப்பட்டது? அறையில் யார் இருந்தார்கள்? அவர்கள் முன்னால் எந்தத் தாள்கள் இருந்தன? மாற்றுக் கருத்துச் சொன்னவருக்கு என்ன ஆயிற்று? எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள்? பிளேரின் நல்லெண்ணத்தைப் பற்றியோ கெட்ட எண்ணத்தைப் பற்றியோ இருபது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணம் எவருக்கும் தெரியாது. முறை தெரியும்.

முதலில் வட அயர்லாந்து. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

1960களின் இறுதியில் தொடங்கிய வன்முறையில் அந்தச் சிறு நிலப்பரப்பிலும் அதைச் சார்ந்தும் 3,500 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். மக்கள் தொகை ஏறத்தாழ 15 லட்சம்தான். உறவிலோ தெருவிலோ ஒருவரை இழக்காத குடும்பம் குறைவு. பிளேருக்கு முன்பிருந்த ஜான் மேஜருக்கு உரிய பங்கை மறுக்கக் கூடாது. 1993 டிசம்பரில் அயர்லாந்துப் பிரதமரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட டவுனிங் தெருப் பிரகடனம்தான் கதவைத் திறந்தது. 1994 ஆகஸ்டில், வட அயர்லாந்தை அயர்லாந்தோடு இணைக்க ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ. போர்நிறுத்தம் அறிவித்தது, 1996 பிப்ரவரியில் லண்டன் கேனரி வார்ஃப் அருகே குண்டு வைத்து அதை முறித்தது. மேஜருக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை தேய்ந்துபோய், அல்ஸ்டர் யூனியனிஸ்ட் உறுப்பினர்களின் வாக்கு தேவைப்பட்ட காலம் அது. பிளேருக்கு 179 இடப் பெரும்பான்மை இருந்தது. எவருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை. அந்த வசதியை அவர் என்ன செய்தார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

பதவியேற்ற இரண்டே வாரத்தில், மே 16 அன்று, பெல்ஃபாஸ்ட் போனார். பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளுக்கு, அவர்கள் விருப்பமில்லாமல் எதுவும் மாறாது என்று உறுதியளித்தார். ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் பிரிவான சின் ஃபெயின் கட்சிக்கு, ரயில் புறப்படப் போகிறது, ஏறுவதானால் ஏறிக்கொள்ளுங்கள் என்ற பொருளில் செய்தி சொன்னார். ஜூலையில் இரண்டாவது போர்நிறுத்தம் வந்தது. செப்டம்பரில் சின் ஃபெயின் பேச்சுவார்த்தைக்குள் வந்தது. தீவிர யூனியனிஸ்ட் தலைவர் இயன் பெய்ஸ்லியின் கட்சி வெளியேறியது. அக்டோபரில் பிளேர் சின் ஃபெயின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸைச் சந்தித்துக் கைகுலுக்கினார். அவருடைய தலைமை அலுவலர் ஜொனாதன் பவல் அந்த முதல் சந்திப்பில் கைகொடுக்க மறுத்துவிட்டார். பவலின் தந்தை 1940இல் ஐ.ஆர்.ஏ. தாக்குதலில் காயம்பட்டவர், அண்ணன் அவர்களுடைய கொலைப் பட்டியலில் இருந்தவர். அதே பவல்தான் அடுத்த பத்தாண்டு ஆடம்ஸோடும் அவருடைய சகத் தலைவர் மார்ட்டின் மெக்கின்னஸோடும் ஓயாமல் பேசி, பயணம் செய்து, உடன்பாட்டைக் காத்தார்.

1998 ஜனவரியில் வட அயர்லாந்துத் துறை அமைச்சர் மோ மௌலம் மேஸ் சிறைக்கே போய், பேச்சுவார்த்தைக்கான ஆதரவை விலக்கிக்கொண்ட புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுக்களின் கைதிகளோடு உட்கார்ந்து பேசினார். மூளைக்கட்டிக்குச் சிகிச்சை பெற்றிருந்த பெண்மணி. அவருடைய பெயரை இந்த வரலாற்றில் அடிக்குறிப்பாக வைப்பது அநியாயம். பேச்சுவார்த்தைக்குத் தலைமை வகித்தவர் அமெரிக்க முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல். 1996 முதல் பொறுமையாக உட்கார்ந்து கேட்டவர். ஏப்ரல் 9 நள்ளிரவு என்று அவர்தான் கெடு வைத்தார்.

அந்தக் கடைசி வாரத்தில் அயர்லாந்துப் பிரதமர் பெர்ட்டி அஹெர்னின் தாயார் இறந்துபோனார். அஹெர்ன் அதிகாலையில் பெல்ஃபாஸ்ட் வந்து பேசிவிட்டு, டப்ளின் திரும்பித் தாயாரை அடக்கம் செய்துவிட்டு, அன்றே மறுபடியும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தார். கெடு தாண்டி இரவெல்லாம் பேச்சு நீண்டது. ஏப்ரல் 10, புனித வெள்ளியன்று மாலை உடன்பாடு வந்தது. கடைசி நேரத்தில் யூனியனிஸ்ட் தலைவர் டேவிட் டிரிம்பிளின் கட்சிக்குள் ஆயுத ஒப்படைப்பைக் குறித்துக் கலகம் மூண்டபோது, பிளேர் உடனே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துச் சமாளித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த உடன்பாடு மக்களிடம் போனது. மே 22இல் வடக்கிலும் தெற்கிலும் ஒரே நாளில் வாக்கெடுப்பு. வடக்கில் 71.1 சதவீதம், அயர்லாந்துக் குடியரசில் 94.4 சதவீதம் ஆதரவு. ஆகஸ்ட் 15இல் ஓமா நகரக் குண்டுவெடிப்பில் 29 பேர் இறந்தபோதும் உடன்பாடு உடையாமல் நின்றதற்கு இந்த வாக்குகள் ஒரு பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். உடைக்க நினைத்தவர்களிடம் மக்களின் ஆணை இல்லை.

அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டு உழைப்பு. உடன்பாட்டின்படி அமைந்த சட்டசபை 2002 அக்டோபரில் முடக்கப்பட்டது. ஐ.ஆர்.ஏ.வின் ஆயுத ஒப்படைப்பு 2005 செப்டம்பரில்தான் முடிந்தது. 2007 மார்ச் 26 அன்று சட்டசபை இருக்கும் ஸ்டோர்மான்ட்டில் பெய்ஸ்லியும் ஆடம்ஸும் முதன்முறையாக ஒரே மேசையில் அமர ஒப்புக்கொண்டார்கள். எப்படி அமர்வது என்பதில் சிக்கல். எதிரிகள் என்பது தெரிய எதிரெதிரே உட்கார வேண்டும் என்றது பெய்ஸ்லி தரப்பு. கூட்டாக ஆளப்போகிறவர்கள் என்பது தெரிய அடுத்தடுத்து உட்கார வேண்டும் என்றது சின் ஃபெயின். அதிகாரி ஒருவர் மேசைகளைச் சாய்சதுர வடிவில் போடச் சொன்னார். இருவரும் ஒரு முனையின் இரு புறமும் அமர்ந்தார்கள். அடுத்தடுத்து என்றும் சொல்லலாம், எதிரெதிர் என்றும் சொல்லலாம். மே 8 அன்று பெய்ஸ்லி முதலமைச்சராகவும் மெக்கின்னஸ் துணை முதலமைச்சராகவும் பதவியேற்றார்கள். பிளேர் பதவியை விட்டு இறங்க அப்போது ஏழு வாரம் இருந்தது.

இதற்கும் ஒரு விலை உண்டு. கொலைக் குற்றவாளிகள் இரண்டாண்டுக்குள் வெளியே வந்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அதை விழுங்க வேண்டியிருந்தது. 1998இல் டிரிம்பிளும் ஐரிஷ் தேசியவாதத் தலைவர் ஜான் ஹியூமும் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 2003 தேர்தலில் அவர்கள் இருவருடைய மிதவாதக் கட்சிகளையும் தீவிரக் கட்சிகள் முந்திவிட்டன. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமறைவாக இருந்த, ஐ.ஆர்.ஏ. தரப்புக் குடியரசுவாதிகள் சிலருக்கு, அவர்கள் தேடப்படும் பட்டியலில் இல்லை என்று அரசு அமைதியாகக் கடிதங்கள் அனுப்பியிருந்தது. நாடாளுமன்றத்தில் வைக்கப்படாத ஏற்பாடு அது. 2014இல், 1982ஆம் ஆண்டு லண்டன் ஹைட் பார்க் குண்டுவெடிப்பு வழக்கு அப்படித் தவறாக அனுப்பப்பட்ட ஒரு கடிதத்தால் நின்றுபோனது. வட அயர்லாந்து முயற்சியில் பின்னாளில் பெரும் சினத்தைக் கிளப்பிய பகுதி எது என்று பாருங்கள்: மேசைக்கு வராமல் மறைவில் செய்த பகுதி.

1972இல் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு 13 பேர் அன்றே இறந்த ‘ரத்த ஞாயிறு’ குறித்துப் புதிய விசாரணை அமைத்ததும் பிளேர்தான், 1998 ஜனவரியில். செலவும் காலமும் மிகுதி என்று பலர் குறைபட்டார்கள். 2010 ஜூனில் அந்த அறிக்கை, சுடப்பட்டவர்கள் எவரும் உயிருக்கு அச்சுறுத்தலாக இருக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது. பிரதமராக இருந்த கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஓர் அரசு தன் ராணுவம் செய்த தவற்றை 38 ஆண்டு கழித்தாவது ஒப்புக்கொண்டது. இதை நான் பிளேரின் தலையாய நற்செயல்களில் ஒன்றாக வைக்கிறேன்.

தமிழ் கேட்போர் முன் பேசும்போது ஒன்றை விட்டுவிட்டுப் போக முடியாது. இதே பிளேர் அரசுதான் 2001இல் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. 2006இல் மெக்கின்னஸ் கிளிநொச்சிக்குச் சென்று புலிகளின் அரசியல் பிரிவினரைச் சந்தித்தார். பெல்ஃபாஸ்ட் அனுபவம் இலங்கைக்கு உதவும் என்று அன்று பலர் நம்பினார்கள். பெல்ஃபாஸ்டில் இரண்டு இறையாண்மை அரசுகள் ஒரே வரைவின் பின்னால் நின்றன. ஆயுதக் குழுவுக்குத் தேர்தலில் வாக்குப் பெறும் கட்சி ஒன்று இருந்தது. இரு தரப்பும் ஏற்ற தலைவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அறையை விட்டு அகலாமல் இருந்தார். இவை மூன்றும் இல்லாத இடத்தில் அந்த முன்மாதிரியின் பெயரை மட்டும் சொல்லிப் பயனில்லாமல் போயிற்று. இதைத் தனியாகப் பேச வேண்டும்; இன்று நேரமில்லை.

உள்நாட்டுச் செயல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1998இல் நிறைவேறி, 1999 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலைகள் பறிபோகும் என்று கன்சர்வேடிவ் கட்சியும் முதலாளிகள் பலரும் எச்சரித்தார்கள். பிளேர் அரசு தொகையைத் தானே நிர்ணயிக்கவில்லை. முதலாளிகள், தொழிற்சங்கத்தார், கல்வியாளர்கள் என்று ஒன்பது பேர் கொண்ட குறைந்த ஊதிய ஆணையத்தை அமைத்து, அவர்களை உட்கார்ந்து பேசிப் பரிந்துரை சொல்லச் சொன்னது. எச்சரித்த கட்சியே பிறகு ஆட்சிக்கு வந்து, 2015இல் அந்த ஊதியத்தை மேலும் உயர்த்த முன்வந்தது. இன்று பிரிட்டனில் அந்தச் சட்டத்தை நீக்க வேண்டும் என்று சொல்கிற பெரிய கட்சி எதுவுமில்லை. எதிராளியும் கைவைக்க விரும்பாத சீர்திருத்தம் எந்த ஆட்சிக்கும் அபூர்வமாகவே வாய்க்கும்.

ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி மன்றங்கள், இரண்டும் வாக்கெடுப்புக்குப் பிறகு. மனித உரிமைச் சட்டம், தகவல் சுதந்திரச் சட்டம். பிரபுக்கள் சபையில் பரம்பரை உரிமையில் இருந்தவர்களை 92 பேராகக் குறைத்தது. ஒரே பாலினத்தவரின் இணைவாழ்வுக்கு 2004இல் சட்ட ஏற்பு. அறுவைச் சிகிச்சைக்கு 18 மாதம் வரை காத்திருந்த நிலை மாறி, 2005 இறுதிக்குள் ஆறு மாதம் உச்சவரம்பு ஆனது. அதே மருத்துவமனைகளில் பலவற்றைத் தனியார் முதலீட்டில் கட்டி, முப்பது ஆண்டு தவணைக் கடனைப் பின்வந்தவர்கள் தலையில் வைத்தார்கள். பல்கலைக்கழகக் கட்டணத்தை 3,000 பவுண்டு வரை உயர்த்தும் மசோதா 2004 ஜனவரியில் ஐந்தே வாக்கில் தப்பியது. குழந்தை வறுமையை ஒரு தலைமுறைக்குள் ஒழிப்போம் என்று 1999இல் அறிவித்தார். லட்சக்கணக்கான குழந்தைகள் மீண்டார்கள். ஆனால் 2005க்குள் கால் பங்கு குறைப்போம் என்ற முதல் இலக்கே தவறியது. இந்தப் பட்டியலை நீட்ட நான் விரும்பவில்லை.

என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் வைத்துவிட வேண்டும். வட்டி விகிதத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்கு மாற்றப்பட்டது 1997 மே 6இல். அதை முடிவு செய்தவர்கள் பிளேரும் நிதியமைச்சர் கார்டன் பிரவுனும். அமைச்சரவை முதன்முறையாகக் கூடுவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். அமைச்சரவையைக் கேட்க வேண்டாமா என்று அமைச்சரவைச் செயலாளர் ராபின் பட்லர் நினைவூட்டினார். அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று பிளேர் சொல்லிவிட்டார். அந்த முடிவு நிலைத்தது. இன்றுவரை எவரும் மாற்றவில்லை. ஆகவே சிறு வட்டத்தில் எடுத்த முடிவெல்லாம் தவறாகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெற்றி பிளேருக்குத் தவறான பாடம் கற்றுக்கொடுத்தது. கேட்காமலேயே செய்யலாம், பின்னால் ஒப்புக்கொள்வார்கள் என்ற பாடம். முதல் வாரத்தில் கற்றுக்கொண்டது. அதை ஆறாவது ஆண்டில் ஒரு போருக்குப் பயன்படுத்தினார்.

இனி ஈராக்.

பிளேர் எங்கிருந்து அங்கே வந்து சேர்ந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1999இல் கொசோவோவில் நேட்டோ 78 நாள் குண்டு வீசியது, ஐ.நா. பாதுகாப்பு அவையின் ஒப்புதல் இல்லை. துரத்தப்பட்ட லட்சக்கணக்கான அல்பேனியர்கள் வீடு திரும்பினார்கள். அங்கே பிறந்த ஆண் குழந்தைகளுக்கு ‘டோனிபிளேர்’ என்று பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. 2000இல் சியரா லியோனில் பிரிட்டிஷ் படை இறங்கித் தலைநகரைக் கிளர்ச்சிப் படையிடமிருந்து காத்தது. ஆயுத பலத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்று அவர் நம்பினார். நம்புவதற்கு இடம் இருந்தது. சதாம் ஹுசேன் கொடியவர் என்பதிலும் ஐயமில்லை. ஹலாப்ஜாவில் விஷவாயு வீசிய ஆட்சி அது.

2002 ஜூலை 28. பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு ஒரு குறிப்பு எழுதினார். எது வந்தாலும் உங்களோடு இருப்பேன் என்பது அதன் முதல் வாக்கியம். அந்த வாக்கியம் வேண்டாம் என்று அவருடைய வெளியுறவு ஆலோசகர் டேவிட் மானிங் சொல்லிப் பார்த்தார். குறிப்பு போகும் முன் வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா பார்க்கவில்லை. பாதுகாப்பு அமைச்சர் ஜெஃப் ஹூன் பார்க்கவில்லை. அமைச்சரவைக்குத் தெரியாது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்க இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஒரு நாட்டின் சார்பில் தரக்கூடிய ஆகப் பெரிய வாக்குறுதி டவுனிங் தெருவின் ஒரு சில பேருக்கு மட்டும் தெரிந்து கடல் தாண்டிப் போயிற்று.

செப்டம்பர் 24இல் ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய அரசு ஆவணம் வெளியானது. உத்தரவிட்ட 45 நிமிடத்தில் அவற்றைப் பயன்படுத்த முடியும் என்ற செய்தி மறுநாள் தலைப்புகளில் வந்தது. அது போர்க்களத்தில் பயன்படும் குறுந்தூர ஆயுதங்களை மட்டும் குறித்தது. போருக்கு வாக்குக் கேட்டபோது தமக்கு அந்த வேறுபாடு தெரியாது என்று 2004 பிப்ரவரியில் பிளேரே சபையில் சொன்னார். அவருடைய அமைச்சர்களில் ஒருவரான ராபின் குக்குக்குத் தெரிந்திருந்தது. கேட்டவருக்குத் தெரிந்திருந்தது, கேட்காதவருக்குத் தெரியவில்லை.

சட்டக் கருத்துக்கு வருகிறேன். அட்டர்னி ஜெனரல் பீட்டர் கோல்ட்ஸ்மித் 2003 மார்ச் 7 அன்று 13 பக்கத்தில் எழுத்துமூலக் கருத்துக் கொடுத்தார். பாதுகாப்பு அவையின் இரண்டாவது தீர்மானம் ஒன்றைப் பெறுவதே பாதுகாப்பான சட்ட வழி என்று அதில் இருந்தது. அது இல்லாமல் போர் தொடுப்பதற்கும் வாதிட இடமுண்டு, ஆனால் நீதிமன்றம் ஏற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் இருந்தது. மார்ச் 17 அன்று அமைச்சரவையின் கையில் கிடைத்தது அந்த 13 பக்கமல்ல. போர் சட்டப்படியானது என்று சொல்லும் ஒரு பக்கப் பதில். தயக்கங்கள் அனைத்தும் அதில் உதிர்ந்துபோயிருந்தன. வெளியுறவு அலுவலகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் வேலையை விட்டு விலகினார். ஐ.நா. ஆயுத ஆய்வாளர்களின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ், ஆண்டுகள் வேண்டாம், வாரங்கள் போதாது, சில மாதங்கள் கொடுங்கள் என்று மார்ச் 7 அன்றுதான் கேட்டிருந்தார். கொடுக்கவில்லை.

மார்ச் 17 மாலை ராபின் குக் அமைச்சர் பதவியைத் துறந்து பேசினார். மாணவர்கள் அந்த உரையை ஒருமுறையாவது கேட்க வேண்டும். குரல் உயரவில்லை, எவரையும் ஏசவில்லை. வழக்கமான பொருளில் பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கிடம் இல்லாமலிருக்கலாம் என்று அன்றே சொன்னார். மறுநாள் வாக்கெடுப்பில் அரசு 412க்கு 149 என்று வென்றது. போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை என்ற திருத்தத்துக்குப் பிளேரின் சொந்தக் கட்சியினர் 139 பேர் வாக்களித்தார்கள். நாடாளுமன்றமே ஒப்புதல் அளித்தது, முறை எங்கே தவறியது என்று சிலர் கேட்கலாம். வாக்களித்தவர்கள் கையில் ஜூலைக் குறிப்பு இல்லை, 13 பக்கக் கருத்து இல்லை, உளவுத் தகவல்களின் பலவீனம் பற்றிய எச்சரிக்கைகள் இல்லை. தாள்களைக் காட்டாமல் பெற்ற ஒப்புதலை நான் ஒப்புதல் என்று எண்ணுவதில்லை.

2004 ஜூலையில் உளவுத் தகவல்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. எழுதியவர், ஏழாண்டுக்கு முன் அமைச்சரவையைக் கேட்க வேண்டாமா என்று நினைவூட்டிய அதே ராபின் பட்லர். அதிகாரிகள் தரமான ஆய்வுக் குறிப்புகள் தயாரித்திருந்தார்கள். அவை அமைச்சரவையிலோ அதன் குழுவிலோ விவாதிக்கப்படவில்லை என்று பதிவு செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க ஆய்வுக் குழுவும் ஈராக்கில் ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று முடிவு சொன்னது. 2016 ஜூலை 6இல் ஜான் சில்காட்டின் அறிக்கை வந்தது. அமைதி வழிகள் தீரும் முன்பே போருக்குப் போனார்கள், ஆயுதங்கள் பற்றிய கணிப்புகளை இல்லாத உறுதியோடு முன்வைத்தார்கள், போருக்குப் பிந்தைய ஏற்பாடு முற்றிலும் போதாதது என்றது. உள்நாட்டு மோதல் வரும், ஈரான் தலையிடும், அல் காயிதா நுழையும் என்பதெல்லாம் போருக்கு முன்பே எழுத்தில் எச்சரிக்கப்பட்டிருந்தன. இவற்றை அறியப் பின்னறிவு தேவைப்படவில்லை என்றது அறிக்கை. 179 பிரிட்டிஷ் படையினர் இறந்தார்கள். 2009 ஜூலை வரை ஈராக்கியர் குறைந்தது 1,50,000 பேர் இறந்திருப்பார்கள் என்றும், உண்மை எண்ணிக்கை இதைவிட மிகுதியாக இருக்கக்கூடும் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. அறிக்கை வந்த அன்று பிளேர் துயரமும் மன்னிப்பும் தெரிவித்தார். முடிவு சரியானதே என்பதில் மட்டும் மாறவில்லை.

இந்தப் போர் பிளேரின் மற்ற அரசியலையும் தின்றது. 1997இல் அவருடைய தொழிற்கட்சிக்கு வாக்களித்தவர்கள் 1 கோடியே 35 லட்சம் பேர். 2005இல் 95 லட்சம். அந்த ஆண்டு நவம்பரில், பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்டவர்களைக் குற்றம் சாட்டாமல் 90 நாள் அடைத்து வைக்கும் அதிகாரத்தைக் கேட்டுச் சபைக்கு வந்தார். லண்டனில் 52 பேரைக் கொன்ற ஜூலை 7 குண்டுவெடிப்புக்கு நான்கே மாதம் ஆகியிருந்தது. காவல்துறை கேட்கிறது, நம்புங்கள் என்றார். 322க்கு 291 என்று சபை மறுத்தது. பிரதமரான பிறகு அந்தச் சபையில் அவர் கண்ட முதல் தோல்வி அது. 2003இல் நம்பிக் கெட்டவர்கள் 2005இல் தாள்களைக் காட்டச் சொன்னார்கள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். 2006 செப்டம்பரில் சொந்தக் கட்சி உறுப்பினர்களே கடிதம் எழுதி, விலகும் காலத்தைச் சொல்ல வைத்தார்கள்.

பதவி இறங்கும் நாளில் எழுதும் மதிப்பீடு ஏன் அரைகுறையாகவே இருக்கும் என்பதற்கும் இந்த ஆட்சியே சான்று. பிளேர் போன பதினோரு வாரத்தில் நார்தர்ன் ராக் வங்கியின் வாசலில் மக்கள் பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள். நிதித்துறையைத் தளர்வாக விட்டிருந்த பத்தாண்டுக் கொள்கையின் விளைவு ஜூன் 27 அன்று எவர் கணக்கிலும் இல்லை. கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் தொழிலாளருக்கு 2004இல் உடனடியாகக் கதவைத் திறந்தபோது ஆண்டுக்கு 13,000 பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்ற கணிப்பு இருந்தது; வந்தவர்கள் பல மடங்கு. அந்த முடிவு 2016 ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்பில் ஒலித்ததை 2007இல் யார் அறிந்திருப்பார்கள்?

என் தீர்ப்பைச் சொல்கிறேன். வட அயர்லாந்தில் பிளேர் செய்தது எந்தப் பிரிட்டிஷ் பிரதமரும் பெருமைப்படத்தக்க பணி. இன்றைக்கு பெல்ஃபாஸ்டில் இருபத்தைந்து வயதில் உயிரோடு நடமாடும் ஒருவர் அதற்குச் சாட்சி. ஈராக் முடிவுக்கு அவரே பொறுப்பு. உளவுத்துறையின் பொறுப்பென்றும் அமெரிக்காவின் பொறுப்பென்றும் அதைப் பங்கு போட நான் சம்மதிக்க மாட்டேன். எல்லாரையும் உட்கார வைத்துப் பத்தாண்டு பேசத் தெரிந்தவர் அவர். ஈராக்கில் சொந்த அமைச்சரவையோடுகூட அப்படிப் பேசவில்லை. தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம். வழி தெரிந்திருந்தும் அதை விட்டு விலகியவர் இவர். முதல் சாதனை இரண்டாவது குற்றத்தைக் குறைப்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில்காட் அறிக்கை முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் சுருக்கத் தொகுதி ஒன்றையாவது இந்த விடுமுறையில் படியுங்கள். புனித வெள்ளி உடன்படிக்கை சில பத்துப் பக்கங்கள்தான். அதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்களில் எவராவது இவை இரண்டையும் குறித்து, அரசாங்கங்கள் முடிவெடுக்கும் முறை பற்றித் தமிழில் ஒரு நூல் எழுத முன்வந்தால், என்னிடமுள்ள குறிப்புகள் அனைத்தையும் தரக் காத்திருக்கிறேன்.